கிணற்றில் கொட்டிய குளோரின்

செவ்வாய்க்கிழமை, யோங் பெங்

பின்னாலிருக்கும் குன்றில் பாக்சைட் தாது தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. தோண்டுவதற்கு முன் ஆய்வுக்காரர்கள் சுற்றுவட்டார மண்ணையும் தண்ணீரையும் சோதித்து எழுதி வைக்கிறார்கள். என் செடி நர்சரி முழுக்க எங்கள் கிணற்றை நம்பித்தான் நடக்கிறது. பிறகு தண்ணீர் கெட்டால், முன்பு நன்றாக இருந்ததற்கு அந்தச் சோதனைதான் சாட்சி. அதனால் நானே போன் மேல் போன் போட்டு அவர்களை வரவழைத்தேன்.

காலையில் சோதிக்க வந்த பெண் தண்ணீரை மொண்டு முகர்ந்தாள். "அங்கிள், குளோரின் வாசம் அடிக்குதே?"

என் மனைவி சரசு பெருமையாகச் சொன்னாள்: "நேத்துதான் ஒரு டப்பா கொட்டினேன். வெளியாளுங்க வந்து பாக்குறப்ப அழுக்குத் தண்ணியையா காட்டுறது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அலமாக், ஆன்ட்டி! சுவிமிங் பூல் மாதிரி இருக்கு லா. இதை எழுதினா உங்களுக்குத்தான் நஷ்டம். நல்லா இறைச்சு விடுங்க, வாசம் போனதும் வரேன்."

அவள் போனதும் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் சரசு மோட்டாரைப் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, குழாயை லோங்காங் சாக்கடைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு வராங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள். வியாபாரத்தில் எவனையும் பேசி மடக்குவேன். இப்போது போய்க் குழாயைப் பிடித்தேன்.

கம்பெனிக்கு அனுமதி கிடைப்பதற்குள் அந்தப் பெண் திரும்பி வந்துவிட வேண்டும். வருவாளா?

ராத்திரி ரசத்திலும் குளோரின்தான். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சரசு. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.