மாப்பிள்ளையின் முதுகுப் பேட்ச்

28 ஜன., செவ்வாய்

காலையில் நல்ல பனி. புல்லட் கிளம்பவே மாட்டேன் என்றது. பேட்டரிக் கடைக்குப் போவதற்குள் லெதர் வெஸ்ட் முழுக்க ஈரம். துடைத்து நிழலில் போட வேண்டும், வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும்.

ஞாயிறு திண்டிவனத்தில் தங்கச்சி மீனாவுக்கு வளைகாப்பு. வேலைகள்:
- பட்டுப்புடவை. என் பெண்டாட்டி சுமதி எடுத்துவிட்டாள். எனக்குக் காட்டக்கூட இல்லை.
- கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும்.
- கட்டுச்சாதம். சமையல்காரரிடம் புளிசாதத்துக்கு வறுத்த மல்லாட்டைக் கடலை தாராளமாகப் போடச் சொல்ல வேண்டும், மீனாவுக்குப் பிடிக்கும்.
- வாடகை கார். பின் சீட் அகலமாக இருக்கணும். வரும்போது அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டுமே.

மீனாவுக்காக அம்மா அறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டாயிற்று. முதல் பேரப்பிள்ளை. கால் தரையில் இல்லை அம்மாவுக்கு.

சாயங்காலம் பைக் கிளப் கூட்டம். பாஸ்கர் அண்ணனின் டைல்ஸ் கடை மாடி.

அவர் தலைவர். போனை நீட்டினார். ஒரு போட்டோ. எங்கள் மாப்பிள்ளை, மீனா புருஷன் குமரேசனும் திண்டிவனம் பசங்களும் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். மேலே ‘ஒத்தப்பனை ரைடர்ஸ்’. நடுவில் பனைமரம், சக்கரம். எல்லாம் நம்முடையதுதான். கீழ்ப்பட்டை மட்டும் வேறு. ‘விழுப்புரம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘திண்டிவனம்’. யாரையும் கேட்காமல் மாற்றித் தைத்துக்கொண்டு விட்டார்கள்.

பா. அண்ணன்: “ஊர் பேர மாத்திட்டான்னா தனியா கிளப்பு தொடங்கிட்டான்னு அர்த்தம். பேட்ச் ஆளோடது இல்ல, கிளப்போடது. மூணு பீஸையும் கழட்டி வாங்கிக்கினு வா.”

வாங்கிவர வேண்டியது நான். ‘சார்ஜென்ட்’ என்று என் நெஞ்சில் தைத்திருக்கிறதே. ஒழுங்கு பார்ப்பதும் நான், விலக்கப்பட்டவனிடம் பேட்ச்சைப் பறிப்பதும் நான். குமரேசனை நீக்கக் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். இந்தக் கையை என்ன செய்வது?

29 ஜன., புதன்

தை அமாவாசை. அப்பாவுக்குப் படையல். காக்கா உடனே வந்தது. அம்மாவுக்கு நிம்மதி.

சுமதியிடம் சொன்னேன். “ஒரு துணிக்கா இவ்ளோ பேஜாரு?” என்றாள். கத்திவிட்டேன். துணியாம். வெறும் முதுகோடு ஒரு வருஷம் ஓட்டி, மற்றவன் வண்டிக்குக் காவல் இருந்து, மூட்டை தூக்கி, அதற்கப்புறம் தருவார்கள். குமரேசனும் அப்படித்தான் வாங்கினான். மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ரொட்டி மூட்டையைக் கட்டிக்கொண்டு முதலில் தண்ணீரில் இறங்கியது அவன்தான். அதைப் பார்த்துத்தான் இவனுக்குத் தங்கச்சியைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கிளப் கொடுத்த மாப்பிள்ளை.

மதியம் அவனுக்குப் போன் போட்டேன்.

“திண்டிவனத்துல இருக்கறவன் முதுவுல விழுப்புரம்னு எதுக்கு மச்சான் போட்டுக்கினு சுத்தணும்? ஊர்ல சிரிக்கிறானுங்க.”

“பாஸ்கர் அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்ல மாப்ள.”

“எத்தினி வாட்டி கேட்டேன்? நீயும்தான் பக்கத்துல இருந்த. வாயத் தொறந்தியா?”

திறக்கவில்லை. உண்மை.

30 ஜன., வியாழன்

பா. அண்ணன் பேட்டரிக் கடைக்கே வந்துவிட்டார். கஸ்டமர் நிற்கும்போதே.

“உன்னால முடியலன்னா உன் பேட்ச்சயும் வச்சிடு. நான் வேற ஆளுங்கள அனுப்பறேன்.”

வேற ஆளுங்க என்றால் யாரென்று எனக்குத் தெரியும். போன வருஷம் வானூர்ப் பையன் ஒருவன் வீட்டுக்குப் பேட்ச்சைப் பறிக்கப் போனார்கள். நானும் கூடப் போனேன். அவன் அம்மா காலில் விழுந்தாள். அதே வாசலில் மீனா வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்பதாக நினைத்துப் பார்த்தேன்.

கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: “ஞாயிறு வளைகாப்புக்குப் போறேன். அப்பவே வாங்கிக்கினு வர்றேன். யாரும் போக வேணாம்.”

வரிசையாகக் கட்டைவிரல்கள். நாள் கடத்தத்தான் போட்டேன். வாங்கும் எண்ணமே இல்லை. ஞாயிறு கழியட்டும், தங்கச்சி வீட்டுக்கு வந்துவிடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

31 ஜன., வெள்ளி

வளையல் வாங்கியாயிற்று. கார்க்காரர் காலையிலேயே வருவார். மீனா போன் எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள்.

1 பிப்., சனி

செத்தேன்.

சுமதிதான் கேட்டாள். “அந்த குரூப்புல மாப்ள இன்னும் இருக்காரா?”

இருக்கிறான். கிளப்பை விட்டுத் துரத்தினோம். குரூப்பை விட்டு எடுக்கவில்லை. தலைவர் எடுப்பார் என்று நான், நான் எடுப்பேன் என்று தலைவர். மெசேஜைப் பார்த்தவர்கள் பட்டியலில் குமரேசன். வியாழக்கிழமையே பார்த்துவிட்டான். அதுதான் மீனா போன் எடுக்கவில்லை.

உடனே அழித்தேன். ‘மெசேஜ் அழிக்கப்பட்டது’ என்று அதுவும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிற்கிறது. முட்டாள், முட்டாள்.

மீனா போன் சுவிட்ச் ஆஃப். வாய்ஸில் பேசினேன்: “மீனா, அது நீ நெனக்கிற மாதிரி இல்லம்மா…” அதற்குமேல் வரவில்லை. அனுப்பவில்லை.

என் வெஸ்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று டைல்ஸ் கடை வரை போனேன். எதிரில் டீ குடித்தேன். இன்னொரு டீ. திரும்பி வந்துவிட்டேன். அதைக் கழற்றினால் அப்புறம் நான் யார்? பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன். நேரில் பேசினால் மீனா கேட்பாள். சின்ன வயசிலிருந்து என் பேச்சைத் தட்டினதில்லை.

2 பிப்., ஞாயிறு

வேட்டி சட்டையில் போனேன். வெஸ்ட் ஆணியில். அம்மா வரவில்லை. அப்பா போனதிலிருந்து இதற்கெல்லாம் வருவதில்லை, எவ்வளவு சொன்னாலும்.

அவர்கள் வீட்டு மாடியில் பந்தல். குமரேசன் வாசலிலேயே, “வாங்க மச்சான்.” எப்போதும் ‘வா மச்சான்’தான். அந்த ‘ங்க’ குத்தியது.

மீனா நாற்காலியில். முகம் நல்லா உப்பி அழகாக இருந்தாள். சுமதி வளையல் போட்டபோது கையை நீட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. புடவைத் தட்டை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தாள்.

“நானே பிரிச்சேன்ணா. மேல, நடு, கீழ. எல்லாம் இருக்கு. பாத்துக்கோ.”

பக்கத்தில் யாரோ, “இன்னாடி அது?” என்றார்கள்.

“நான் அதுக்கு வரல மீனா. அவனுங்க வந்து கலாட்டா பண்ணக் கூடாதுன்னுதான் அப்டிப் போட்டேன்.”

“நீ வந்து வாங்கினா அது கலாட்டா இல்லியா?”

பையை என் கையில் திணித்தாள்.

“நான் இங்கியே பெத்துக்கறேன். அம்மாவ வந்து பாக்கச் சொல்லு.”

அவள் மாமியார், “மொதப் பிரசவம் தாய் வூட்லதான்மா, போய்க்கினு வா,” என்று எவ்வளவோ சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிடாமல் கிளம்பினோம். மடியில் அந்தப் பை. வழியெல்லாம் சுமதி அழுதாள். டிரைவர், “அந்தம்மா வரலீங்களா சார்?”

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அக்கா ஆரத்தித் தட்டோடு. அம்மா காரின் பின் கதவைத் திறந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

3 பிப்., திங்கள்

கடை திறக்கவில்லை. பா. அண்ணன் போன் மேல் போன். “வாங்கிட்டியா?” என்றார். “நான் கிளப்புல இல்லண்ணா,” என்று வைத்துவிட்டேன்.

என் வெஸ்ட்டை எடுத்து பிளேடால் பிரித்தேன். தோல் இரண்டு இடத்தில் கிழிந்தது. இருக்கட்டும். அவன் பேட்ச், என் பேட்ச், எல்லாம் ஒரே பையில். பஸ்ஸில் திண்டிவனம்.

குமரேசன் கேட்டுக்கு வந்தான். பையை நீட்டினேன். “ரெண்டு பேரோடதும் இருக்கு மாப்ள. நான் வெளிய வந்துட்டேன். மீனாவக் கூப்புடு.”

பையைத் திறந்து பார்த்தான். என் கீழ்ப்பட்டையை எடுத்து நூலைத் தடவினான். உள்ளே போனான். நேரமாயிற்று. வந்தான்.

“தூங்கறா.”

உள்ளே வளையல் சத்தம். கை நிறைய வளையல், அவள் நடக்க நடக்க கேட்கிறது. அவனுக்கும் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

“இத நேத்து கொண்டாந்திருந்தா வண்டில ஏறியிருப்பா மச்சான்.”

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். விழுப்புரம் வண்டிகள் வந்து வந்து போகின்றன. அம்மா போன் அடிக்கிறாள்.