உன் சைக்கிள் மணி பிரான்ஸ் போய்வந்தது

என் உயிரே, நூர்ஜஹான்,

போய்விட்டு வந்துவிட்டேன். நீ பொறுமையில்லாதவள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் வராத, லாரி வராத, ஹாரன் சத்தமே கேட்காத அந்த ரோட்டில், பிரான்ஸ் தேசத்தில், சைக்கிள் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். உன் மணியும் என்னோடு வந்தது.

நேரில் வந்து சொல்லத்தான் நினைத்தேன். உன்னை அடக்கம் செய்த கபர்ஸ்தான் வாசல்வரை போனேன். பெண்கள் உள்ளே வருவதில்லை என்று உன் வீட்டுக்காரர் பாஷா பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாவம், அவரோடு சண்டை போட மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரே படித்தாலும் படிக்கட்டும், நமக்குள் என்ன ரகசியம்?

அந்த வெள்ளைக்காரத் தம்பதி நம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது நினைவிருக்கிறதா? அப்போது நான் பூகோள டீச்சர், நீ தையல் டீச்சர். சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளைக் கட்டிக்கொண்டு, ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வழி கேட்டு வந்தார்கள். ஒரு பஸ் தன்னை உரசிக்கொண்டு போனதை அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நீதான் உள்ளே கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்தாய். தன் ஊரில் ரயில் நின்றுபோன பழைய தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று ரோடு போட்டிருக்கிறார்கள், அதில் சைக்கிளும் நடந்து போகிறவர்களும் மட்டும்தான் என்று அவள் திக்கித் திக்கி இங்கிலீஷில் சொன்னாள். நான் உனக்குத் தமிழில் சொன்னேன்.

“நல்லா ரீல் உடுது இந்தம்மா. ரயில எடுத்துட்டு சைக்கிளுக்கு ரோடு போட்டானுங்களாமா? நம்ம ஊர்ல சைக்கிள தள்ளிட்டு லாரிக்கு ரோடு போட்றானுங்க” என்றாய்.

அப்படிச் சொன்னவள்தான், அவர்கள் போனதும் என் வகுப்பில் மாட்டியிருந்த ஐரோப்பா படத்தின் முன் வந்து நின்றாய். பர்கண்டி என்று அவள் சொன்ன பக்கத்தைத் தேடிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போலாம் வேதா” என்றாய், ஏதோ பூக்கடைச் சத்திரம்வரை போய்வருவது போல.

அதுவரைக்கும் தாமல் ஏரிக்கரைதான் நமக்கு பிரான்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் கூரைமேல் இரண்டு சைக்கிளையும் ஏற்றச் சொல்லி கண்டக்டரிடம் மல்லுக்கு நிற்பாய். கரைமேல் லாரி ஏறாது, பஸ் ஏறாது. நீ எப்போதும் என் வலது கைப்பக்கம், ஏரிப்பக்கம். நான் வயல்பக்கம். எனக்கு நீச்சல் தெரியாது என்று நீ செய்த ஏற்பாடு அது. உனக்கு மட்டும் தெரியுமா என்று கேட்டால், “தெரியாதுதான். ஆனா நான் உழுந்தா நீ கத்தி ஊரக் கூட்டிடுவே. நீ உழுந்தா எனக்கு சிரிப்பு வந்துடும்” என்பாய்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் நாம் இறங்கித் தள்ளுகிற இடங்கள் இரண்டு. பெருமாள் கோயில் கோபுரம் வந்தால் நான் இறங்குவேன், கூடவே நீயும் இறங்குவாய். உங்கள் மசூதி வந்தால் நீ இறங்குவாய், கூடவே நானும். மற்றபடி எவனுக்கும் எறங்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். பின்னால் வந்து காதைக் கிழிக்கும் லாரிக்கும் நாம் இறங்கவில்லை. இந்த வயதில் பொம்பளைக்கு என்ன சைக்கிள் என்று கேட்டவர்களுக்கும் இறங்கவில்லை.

பிறகு உனக்கு அந்தப் பாழாய்ப்போன வியாதி வந்தது. கட்டிலில் நீ எவ்வளவு சிறுத்துப்போயிருந்தாய், நூர். குரல் மட்டும் இளைக்கவே இல்லை. “நான் வரல, நீ போய்ட்டு வா. வந்து எனக்கு எல்லாம் சொல்லு. ஆனா பாதியில எறங்கிட்டேன்னு மட்டும் வந்து சொல்லாத” என்றாய். இதென்ன நியாயம்? நீ பாதியில் போவாயாம், நான் பாதியில் இறங்கக் கூடாதாம்.

உன் சைக்கிளைப் பழைய இரும்புக்காரருக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்பேனரோடு உன் வீட்டுக்குப் போனேன். மணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பாஷா பாய் பின்கட்டுக்கு வந்தார். “அத வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போறே?” என்றார். “பிரான்ஸுக்கு எடுத்துக்கினு போறேன் பாய்” என்றேன். சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேறு யாரும் நம்பவில்லை. என் முட்டிவலியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பிரான்ஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மகன் ரகு டிக்கெட் அனுப்பியது அந்த ஊர் இரும்புக் கோபுரத்தைக் காட்டவும் படகில் கூட்டிப்போகவும்தான். அந்த ரோட்டைக் காட்டாவிட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போய்விடுவேன் என்றேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும், அதில் பாதி உன்னிடம் கற்றது.

அந்த அம்மா ரீல் விடவில்லை, நூர். அத்தனையும் நிஜம். வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து உன் மணியை அதில் பூட்டினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று மாடுகள். பழைய ரயில் ஸ்டேஷனை டீக்கடை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள், பெயர்ப்பலகைகூட அப்படியே இருக்கிறது. ஹாரன் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் அந்த அமைதி பிடிபடவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு எளிதான விஷயத்தை ஏன் நமக்கு யாரும் செய்து தரவில்லை?

அங்கே வலது பக்கமாகப் போக வேண்டும். நான் இடது பக்கமே போனேன். “அம்மா, ரைட்ல வாம்மா” என்று ரகு கத்திக்கொண்டே வந்தான். வலது பக்கம் நீ வருகிற இடம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

ஒரு கிராமத்தில் பாதையை ஒட்டியே மாதா கோயில் வந்தது. கால் தானாக இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த வயசான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் என் சைக்கிள் பஞ்சர் என்று நினைத்து, பம்பும் கையுமாக ஓடிவந்துவிட்டார்கள். அந்த மனிதர் டயரை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார், காற்று சரியாக இருக்கிறது. சாமி இருக்கிற இடம், அதனால் இறங்கினேன் என்று ரகு சொல்லிப் புரியவைப்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. அந்த அம்மா கோயிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாங்களே அதற்குள் போய் வருஷக்கணக்காகிறது என்று சொல்லிச் சிரித்தாள். நீ இருந்திருந்தால் அவளோடு அங்கேயே உட்கார்ந்திருப்பாய்.

அதற்கப்புறம் மலை வந்தது. ரயிலுக்காகக் குடைந்த சுரங்கம். வாசலிலேயே ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் குளிர் அடித்தது. உள்ளே மங்கலாக விளக்குகள், அந்தப் பக்கத்து வெளிச்சம் கண்ணுக்கே தெரியவில்லை. என் முட்டி வீங்கியிருந்ததை ரகு பார்த்துவிட்டான்.

“போதும்மா. எறங்கு. நீ இங்கயே இரு, நான் போய் கார எடுத்துட்டு வரேன்” என்றான்.

எறங்கு என்று அவன் சொன்னதும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. அவன்மேல் இல்லை. உன்னை எடுத்துக்கொண்ட வியாதிமேல், நம்மை ஓரமாகத் தள்ளிய அத்தனை லாரிமேல், என்னைத் தனியாக அனுப்பிய உன்மேல்.

“காரே வராத ரோட்ல இன்னாடா காரு?” என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

சுரங்கம் முழுக்க உன் மணியை அடித்துக்கொண்டே போனேன். நான் ஒருமுறை அடித்தால் சுவர் இன்னொருமுறை அடித்தது. வலது கைப்பக்கம் இன்னொரு சைக்கிள் வருவது போலவே இருந்தது. அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் இறங்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்தபோது எதிரே மறுபடியும் திராட்சைத் தோட்டம், வெயில். பாதையின் கடைசிவரை போனேன். சொல்லச் சொன்னாயே, சொல்லிவிட்டேன்.

இப்போது ஊர்ச் செய்தி. தாமலை ஒட்டி நாற்கரச் சாலை வந்துவிட்டது, லாரிகள் பறக்கின்றன. ஆனால் ஏரிக்கரை அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைச் சைக்கிளோடு கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். போன வாரம் ஒரு பெரிய மனிதர் கரை நடுவில் வந்து நின்றார். “டீச்சர், பொம்பளப் புள்ளைங்க இங்கெல்லாம் சைக்கிள் உடக் கூடாது. எறங்கச் சொல்லுங்க” என்றார்.

“எறங்குறதுக்கு இங்க கோபுரம் எங்கப்பா இருக்குது?” என்றேன்.

அவர் நகரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, சீட்டைவிட்டு எழாமல், இப்போது என் சைக்கிளில் இருக்கும் உன் மணியை நானும், தங்கள் மணிகளைப் பிள்ளைகளும் அடித்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் பின்னால் எருமைகள் வந்து சேர்ந்தன, அவற்றுக்கு அவர் வழிவிட வேண்டியதாயிற்று. நாங்களும் அப்படியே போய்விட்டோம். இந்த ஞாயிறும் அவர் வந்து நிற்பாராம். நிற்கட்டும், நாங்களும் வருவோம்.

உன் சட்டத்தை ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனி நான் இறங்குகிற இடங்கள் மூன்று. கோபுரம், மசூதி, அப்புறம் உன் கபர்ஸ்தான் வாசல். உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும், ஏரிக்கரையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அங்கே இறங்கி உன் மணியை அடிப்பேன். இந்த முட்டி சைக்கிள் மிதிக்கிறவரை அடிப்பேன். வேறு எவன் சொன்னாலும் இறங்கமாட்டேன்.

என்றும் வயல்பக்கம் வரும்,
உன் தங்கை வேதவல்லி
சின்ன காஞ்சிபுரம்