சந்தனம் காய்ந்த பட்டன்

செப்டம்பர் 26, வெள்ளி

காலையிலிருந்து தூறல். கோட்டை மலை பாதிதான் தெரிகிறது. ஜெராக்ஸ் கடையில் டோனர் தீர்ந்தது, என் வீட்டுக்காரர் குமாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் ஒரு பக்கம். இன்று எனக்கு யோகம்!

வல்லம் ரைஸ் மில் தனபால் அண்ணன் பட்டா நகல் எடுக்க வந்தார். மில் ஆபீசுக்கு வெள்ளையடிக்கிறாராம்.

"பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஒண்ணு கெடக்குதும்மா, பெரிய ரேடியோ. சிங்கப்பூர்ல வேல பாத்தப்ப வாங்கியாந்தது. நீ இந்த மாதிரி சாமான்லாம் சேக்கறியாமே. எடுத்துக்கோ, இல்லாட்டி இரும்புக் கடைதான்."

"ஓடுதாண்ணே?"

"எங்க ஓடுது. ஒரு ஆயுத பூஜ அன்னிக்கு பாட்டு போடலாம்னு ஆன் பண்ணேன். லைட்டு எரியுது, சத்தம் வரல. வருஷம் இருபதாச்சு அது செத்து."

லைட் எரிகிறது! கடையை மூடிவிட்டு அவர் பின்னாலேயே போனேன்.

செப்டம்பர் 27, சனி

நல்ல வெயில். செட் மேசை மேல். தூக்கி வைத்த குமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வீடா இன்னா இது, மைக் செட் கடையா? ஏற்கெனவே ரெண்டு கெடக்குது."

பார்த்தவை:
– முகம் முழுக்க அலுமினியம். பக்கத்துக்கொரு மரப்பலகை.
– ஸ்டேஷன் பிடிக்கும் குமிழ். ஒரு தட்டுத் தட்டினால் தானே சுழன்று கடைசி வரை போகிறது. எத்தனை முறை தட்டினேன் என்று எழுத வெட்கம்.
– வால்யூம். திருப்பினால் விரலுக்குத் தெரிகிறது. போனைத் தடவிச் சத்தம் கூட்டுகிறவர்களுக்கு இது புரியாது.
– உமி. தூசி. பல்லி முட்டை 2.
– பட்டன் வரிசை மேல் கல்லாகிப்போன சந்தனம், குங்குமம். மோட்டார், தராசு, கல்லாப்பெட்டிக்கு வைத்த கையோடு இதற்கும்.

பல்குச்சியால் சுரண்டினேன். நாலு பட்டன் வெளியே. ஒன்று மட்டும் உள்ளே, சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு. டேப் பட்டன்! அது உள்ளே போனால் ரேடியோ வாயடைத்துவிடும், டேப் ரெக்கார்டர் பாட்டுதான் வரும். மில்லில் ஏது டேப் ரெக்கார்டர்? பொட்டு வைத்த கட்டைவிரல் அழுத்திய அழுத்து. இருபது வருஷம், பாவம்.

விடுவித்தேன். டக். வீடு முழுக்க பாண்டி எஃப்.எம்.! என் பழைய ஸ்பீக்கர்களா இவை? நாதஸ்வரக்காரர் மூச்சிழுப்பது கூடக் கேட்கிறது. அழுதேவிட்டேன்.

என்னைப் போலவே பழைய செட் சேர்க்கும் பாண்டி நண்பருக்குப் படம் அனுப்பினேன். உடனே போன். "ஓடற செட்டா? இதுக்கு நாங்கள்லாம் அலையறோம். யாருக்கும் குடுத்துடாதீங்க."

அண்ணன் எனக்குக் கொடுத்தது செத்த செட். இது உயிரோடு இருக்கிறது. சொல்ல வேண்டாமா?

குமார்: "சொல்லாத. தூக்கினு போயிடுவாரு."

போய்விடுவார்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பதினோரு மணிக்கு வந்தார். குமிழைத் தட்டினார், சுழன்றது. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சிங்கப்பூர் ரூம்ல எட்டு பேரு. இது முன்னாடி உக்காந்துதான் சோறு துன்னுவோம்."

பட்டன் கதையைச் சொன்னேன். பொட்டு யார் வைத்தது என்று கேட்டேன்.

"மில்லுல பொட்டு வெக்கிறது எப்பவும் நான்தான்," என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செட்டை ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

மேசையில் செட்டின் நாலு கால் தடம். மத்தியானம் சோறு இறங்கவில்லை. குமார் தயிர்சாதம் பிசைந்து வைத்தார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கடை பூஜை ஆயிற்று. பொரி, சுண்டல். ஜெராக்ஸ் மெஷினுக்கு ஓரமாக, எதிலும் படாமல் பொட்டு.

பத்து மணிக்குத் தனபால் அண்ணன் போன். "யம்மா, மறுபடியும் சத்தம் வரல. லைட்டு மட்டும் எரியுது."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை.

"பூஜ போட்டுட்டீங்களாண்ணே?"

"ஆச்சு."

"பொட்டு எங்க வெச்சீங்க?"

பின்னால் அவர் வீட்டு அக்கா சிரிக்கிற சத்தம்.

"கை தானா அங்க போயிடுச்சும்மா. என்கிட்ட இருந்தா இது வருஷா வருஷம் சாவும். நீயே எடுத்துனு போ. ஞாயித்துக்கெழமல நான் வந்து கேட்டுக்கறேன்."

நான் கத்திய கத்தலில் குமார் ஆட்டோவைக் கூப்பிட ஓடிவிட்டார். பல்குச்சி எடுத்துக்கொண்டேன். சந்தனம் காய்வதற்குள் வல்லம் போய்ச் சேர வேண்டும்.