தண்ணீருக்குள் என் ஜோடி

மகளுக்கு மழைக்கோட்டு வாங்க நேற்று சிவாஜிநகர் போயிருந்தேன். கடைக்காரர் ஒன்றை உதறி விரித்ததும் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. "மோந்து பாருங்க மேடம், ஒரிஜினல் ரப்பர்" என்றார். வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே நின்று உன்னைத் திட்டினேன். நீ போய் இத்தனை வருடமாகியும் உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை என்பதை உனக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்த சமயம். நம் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் நாம் இருவரும் இருந்தோம். சேலத்திலிருந்து பெங்களூர் வந்து விடுதியில் தங்கியிருந்த நான் அழுதேன். உள்ளூர் ஜோகுபாளையத்துப் பெண்ணான நீ சிரித்தாய். "வுட்றி. கடலுக்குப் போலாம், வரியா?" என்றாய். இன்டர்நெட்டில் எங்கேயோ பார்த்திருந்தாய்: பாய்மரப் படகு வைத்திருந்த ஒரு வயதான தம்பதி, கூடமாட வேலை செய்ய இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கடியில் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் நிபந்தனை.

அதற்காகவே நாம் டைவிங் கற்றோம். முதல் நாள், நீச்சல் குளத்தின் ஓரத்தில் நம்மை வரிசையாக நிற்கவைத்து மாஸ்டர் கேட்டார்: "யாருக்காவது ஆஸ்துமா, வலிப்பு, இதயத்துல பிரச்சினை இருக்கா? இப்பவே சொல்லிடுங்க. கீழ போனா உங்க உசுரு மட்டும் இல்ல, உங்க ஜோடி உசுரும் போயிடும்." நீ என் பக்கத்தில் நின்றாய். உன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. எல்லோரையும் போல நீயும் தலையை ஆட்டினாய், இல்லையென்று. அன்றே மாஸ்டர் நம் இருவரையும் ஜோடி சேர்த்தார்.

படகில் இருந்த மாதங்களை நான் மறுக்க மாட்டேன். தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் நடுவே தீவு தீவாகப் போனோம். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுவோம். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக் கட்டித் தண்ணீர் பிடித்துவிட்டு, அதே மழையில் தலைக்குக் குளிப்போம். துணி ஒருநாளும் முழுசாகக் காயாது. உப்பு ஏறி விறைத்துக் கிடக்கும். அம்மா கொடுத்தனுப்பிய ரசப்பொடி கட்டி கட்டியாகிவிட்டது. நீ அதை உடைத்து உடைத்துப் போட்டு அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு ரசம் வைத்துக் கொடுத்தாய். புது இடத்தில் நங்கூரம் போட்டதும், அது மணலில் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கீழே போய்ப் பார்ப்பது நம் வேலை. படகின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவதும் நம் வேலைதான். அதெல்லாம் முடிந்தபின் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்று நமக்கு. பவளப்பாறை மேல் நீ மிதப்பதைப் பார்க்கும்போது, நடக்கவே தெரியாமல் பிறந்தவள் போல இருக்கும்.

அப்படி ஒரு காலையில்தான் உன் வாயிலிருந்து காற்றுக்குழாய் கழன்று விழுந்தது. விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பிறகு உன் கண்ணைப் பார்த்தேன். கறுப்பே தெரியவில்லை. உன் கை வெட்டி வெட்டி இழுத்தது. குழாயின் ரப்பர் முனையை உன் வாயில் திணித்து, தாடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே உதைத்தேன். அந்தப் பச்சைத் தண்ணீர் முடியவே முடியாது என்று தோன்றியது. நாம் கேப்டன் என்று கூப்பிட்ட அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் உன்னை மேலே இழுத்துப் போட்டார்கள். கண் விழித்ததும் நீ கேட்டது, "இன்னாடி, சுறா வந்துச்சா?"

காலையில் எதுவும் சாப்பிடாமல் இறங்கிவிட்டேன், மயக்கம் வந்துவிட்டது என்றாய். நம்பினேன். மறுநாளிலிருந்து உனக்கு முன்னால் எழுந்து, ஆடும் அடுப்பின் மேல் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உனக்கு ரவை கிளறினேன். நீ அதை உட்கார்ந்து சாப்பிட்டாய். "உப்பு பத்தல" என்றுகூடச் சொன்னாய். சாப்பிட்டுவிட்டு என்னோடு மறுபடி இறங்கினாய். ஒரு முறை அல்ல, பல முறை.

அடுத்த துறைமுகத்தில் நீ காய்கறி வாங்கப் போயிருந்தபோது, டெலிபோன் பூத்திலிருந்து உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். நாம் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லத்தான்.

"நல்லாக்கீறீங்களாம்மா? மாத்திர கரெக்டா போட்டுக்கறாளா?"

"என்ன மாத்திரைம்மா?"

"வலிப்புக்குத்தான். உனக்குத்தான் எல்லாம் தெரியும்னு சொன்னாளே. நீ தண்ணில எறங்குவ, அவ மேல சமையல் பாத்துப்பா, அதான உங்க பேச்சு? அத நம்பித்தானம்மா அனுப்சேன்."

நான் "ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

நீ இரண்டு கையிலும் பையோடு வந்தாய். படகுத்துறையிலேயே கேட்டேன். நீ மறுக்கவில்லை. "அத போட்டா தூக்கம் தூக்கமா வருது. படகு ஏறினதும் நிறுத்திட்டேன்" என்றாய்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா என்ன எறங்க வுட்டிருப்பியா? வூட்ல பாத்ரூம் கதவக்கூட தாப்பா போட வுட மாட்டாங்க. அங்க கீழதான் என்ன யாரும் காவல் காக்கல."

"என் சிலிண்டர்ல காத்து தீந்து, நான் உன் காத்துக்கு கை நீட்டுறப்ப உனக்கு வலிப்பு வந்திருந்தா?"

நீ பையைக் கீழே வைத்தாய். தக்காளி ஒன்று உருண்டு தண்ணீரில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேப்டனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தனியாகப் பெங்களூர் திரும்பினேன். அவர் உன்னைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. சில வாரங்களில் நீயும் வந்து சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். நீ இரண்டு முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் உன் அம்மாவிடமிருந்து போன். குளிக்கப் போனவள் வெளியே வரவில்லையாம். நீ தாழ்ப்பாள் போட்டிருந்தாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்களாம். நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவ்ளோ பெரிய சமுத்திரத்துல ஒண்ணும் ஆவலியேம்மா. நீ இருந்த, பாத்துக்கின. இங்க ஒரு தொட்டித் தண்ணில போய்ட்டாளே." கடலில் என்ன ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. உன் பொய்க்குள் என்னையும் இழுத்துவிட்டுத்தான் நீ போனாய். எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் அதிர்ச்சி என்று நினைத்தார்கள்.

போன மாதம் ஆபீஸ் ஆட்களோடு லட்சத்தீவு போனேன். உனக்குப் பின் முதல் முறையாக இறங்கினேன். எனக்கு ஜோடியாக வந்தவர் புதுசாகச் சேர்ந்த ஒரு கன்னடக்காரர். நல்ல மனிதர். மேலே ஏறியதும் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, குழந்தை மாதிரிக் கத்தினார்: "பாத்தீங்களா மேடம்? உங்க தலைக்கு மேலயே போச்சு, எவ்வளவு பெரிய ஆமை!"

நான் பார்க்கவில்லை. இறங்கியதிலிருந்து அவர் கண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.