சித்தியின் முகத்தில் ஒரு மாற்றாந்தாய்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

ஆபீசில் ஒரு சின்ன விஷயம். பழைய இளவரசிக் கதை ஒன்றைக் கார்ட்டூன் படமாக எடுக்கிறோம். அதில் வரும் மாற்றாந்தாய்க்கு உருவம் வரையும் வேலை எனக்கும் என் அறைத்தோழிக்கும் வந்தது. 'மாற்றாந்தாய்', நம் வீட்டில் யாரும் வாயால் சொல்லாத வார்த்தை. எனக்குத் தெரிந்த மாற்றாந்தாய் நீங்கள் ஒருவர்தானே? உங்கள் மூக்குக்கண்ணாடி, வளையலில் தொங்கும் ஊக்கு, ஒரு பக்கம் ஏறும் சிரிப்பு எல்லாம் வரைந்தேன்.

"யாருடி இது, இவ்வளவு அன்பான முகம்?" என்று தோழி கேட்டாள். உங்கள் போட்டோவைக் காட்டினேன். டைபாய்டில் கிடந்த என் பக்கத்தில் நீங்கள் பதினோரு நாள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். கண் கலங்கிக் கேட்டாள்.

போன வாரம் உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் லீவு போட்டேன், இப்போது சரியாகிவிட்டது. அதற்குள் அவள் அதே முகத்தில் கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கோணலாக்கி, மேலதிகாரியிடம் காட்டிப் பேர் வாங்கிவிட்டாள்.

"வெறும் படம்தானே, இதுக்குப் போய் ஏன் குதிக்கிற?" என்கிறாள்.

மேலதிகாரியிடம் கேட்டேன், இனி மாற்ற முடியாதாம். படத்திலிருந்து என் பெயரை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

நான் வேறு அறை பார்க்கிறேன். ஒரு பருத்திப் போர்வையும், உங்கள் கையால் நாலு வரியும் அனுப்புங்கள். படம் வந்தால் யாராவது, "உங்களை மாதிரியே இருக்கே" என்பார்கள். அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்