இரண்டு முறை அடித்து நின்ற மணி

என் தைரியத்தையெல்லாம் கையோடு கொண்டுபோய்விட்ட அக்காவுக்கு,

சொன்னால் நீ நம்ப மாட்டாய். நான் கார் ஓட்டினேன். பாளையங்கோட்டையிலிருந்து விக்கிரமசிங்கபுரம் வரைக்கும், கொட்டுகிற மழையில், ஒத்தையில். பல்லியைப் பார்த்தால் கட்டிலில் ஏறி நிற்கிறவள் என்று என்னை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே, அதே நான்தான்.

இந்தக் கார் உன் காலத்தில் இல்லை. நீ போன பிறகு என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தார். யாரோ தெரிந்தவரிடம் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். "ஓட்டப் படிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். படித்தேன். லைசென்ஸும் வாங்கினேன். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் நான் ஓட்டிய தூரம் மார்க்கெட் வரைக்கும்தான். அதற்கே கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும்.

உன் மகள் மலருக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், நீ இல்லாததால் தாய்வீடு என் வீடுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வளைகாப்புப் போட்டுக் கூட்டி வர அடுத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தோம். அதற்கு முந்தின நாட்களெல்லாம் ஆகாது என்றார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியுமா? யாருக்கும் அது தோன்றவில்லை.

நம் போன் ஏற்பாடு உனக்குத் தெரியும், நீ வைத்ததுதான். இருந்தாலும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். வெளியூர் போனவர்கள் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு போன் போட வேண்டும். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். இந்தப் பக்கம் யாரும் எடுக்கக் கூடாது. இரண்டு மணி என்றால் நல்லா இருக்கேன் என்று அர்த்தம். பேசியே ஆக வேண்டும் என்றால் மட்டும் விடாமல் அடிக்க விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்துவிட்டால் உனக்கு அப்படி ஒரு கோபம் வரும். "வீணா ஒரு கால் போச்சே" என்று ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவாய்.

நீ போன பிறகும் மலர் அதை விடவில்லை. மாப்பிள்ளை மில்லுக்கு முதல் ஷிப்டுக்குக் கிளம்பியதும் தினமும் காலையில் இரண்டு மணி. நான் அடுப்படியில் நின்றபடியே "சரி தாயி" என்று சொல்லிக்கொள்வேன். அதோடு என் அன்றைய கவலை தீர்ந்துவிடும்.

அன்றைக்கும் இரண்டு மணி அடித்தது. "சரி தாயி" என்றேன். பிள்ளைகளுக்கு இட்லி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். மறுபடியும் இரண்டு மணி. காலையில் அடித்ததை மறந்துவிட்டாள் போல, பிள்ளைத்தாய்ச்சிக்கு மறதி ஜாஸ்தி என்று தனியாகச் சிரித்தேன், அக்கா. சிரித்தேன்.

மூன்றாம் தடவை அடித்தபோதுதான் இது மறதி இல்லை என்று பட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. நான் திருப்பிப் போட்டால் எங்கேஜ்டு சத்தம்தான் வந்தது. எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது. அவள் வீடு பாபநாசம் போகிற வழியில் தோப்பை ஒட்டித் தனியாக இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது. மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வரப் பிற்பகல் ஆகிவிடும். பஸ்ஸில் போகலாம் என்றால், ஏதாவது ஒன்று என்றால் அவளை எதில் ஏற்றிக்கொண்டு ஓடுவது? சாவியை எடுத்தேன். காரைக் கிளப்பினேன்.

மேலப்பாளையம் தாண்டும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். செத்துப்போகிறவள் எனக்கு முன்னால் எதற்குச் செத்தாய் என்று சத்தமாகவே கேட்டேன். காருக்குள் நான் மட்டும்தானே. கண்ணாடித் துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது, அதுவும் என் பக்கம் இல்லை. தலையை இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்து ரோட்டைப் பார்த்தேன். எதிரே லாரி வரும்போதெல்லாம் வண்டியை ஓரத்தில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். சேரன்மகாதேவி வந்தது. ரெண்டு பக்கமும் வயலெல்லாம் வெள்ளமாக நின்றது.

வீரவநல்லூர் தாண்டியதும் முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. முதலில் மழை என்று நினைத்தேன். பிறகு ரோடே தெரியாமல் போயிற்று. வண்டி தானாகவே நின்றது. முன்பக்க மூடியைத் தூக்கி, முந்தானையைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பத்துத் தடவை சொல்லியிருப்பார். மணிக்கட்டில் பட்ட கொதிநீரின் தழும்பு இப்போதும் இருக்கிறது.

அந்த ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. அழுதுவிட்டேன். கொஞ்சம் அல்ல, வாய்விட்டு. அப்போது ஒரு ஆள் சைக்கிளில் வந்தார். இரண்டு பக்கமும் காலிப் பால்கேன் தொங்கியது. தலையில் சாக்கை முக்காடாகப் போட்டிருந்தார், முகம் சரியாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை நின்று வேறு பயம் வந்தது.

"ஏம்மா, வண்டி மக்கர் பண்ணிட்டா? ஒத்தையிலயா வந்திருக்கிய?"

"இல்லை, எங்க வீட்டுக்காரர் வந்திருக்கார். தண்ணி எடுக்கப் போயிருக்கார்" என்றேன். மஸ்கட்டில் இருக்கிற மனுஷனைப் பக்கத்தில் ஓடுகிற கன்னடியன் கால்வாய்க்கு அனுப்பிவிட்டேன்.

"அப்ப சரி. அவுக வரட்டும், அதுவரைக்கும் நான் இங்கன நிக்கேன். பொம்பளைய ஒத்தையில விட்டுட்டுப் போவக் கூடாது" என்று சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

நின்றார். மழையில் நனைந்துகொண்டே, ரோட்டுக்கு அந்தப் பக்கமாக, என்னைப் பார்க்காமல் நின்றார். வராத புருஷனுக்காக நாங்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம். அங்கே மலர் என்ன ஆனாளோ. கடைசியில் தாங்க முடியாமல், "அண்ணாச்சி, யாரும் வரலை. நான் தனியாத்தான் வந்தேன். எங்க அக்கா மக பிள்ளைத்தாய்ச்சி, போன் எடுக்க மாட்டேங்கா" என்று கொட்டிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார், அவ்வளவுதான். கேன்களைக் கழற்றிக்கொண்டு கால்வாய்க்கு ஓடினார். அவர் வருவதற்குள் நான் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. முந்தானையில் ஒரு கரையைக் கிழித்து, சூட்டோடு சூடாகச் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். உன் நீலச் சேலை அது. கிழிக்கும்போது உன்னிடம் கேட்கக்கூட இல்லை. அவர் தண்ணீர் ஊற்றினார், ஒரு கேனை நிரப்பிப் பின் சீட்டில் வைத்தார். கேன் உங்களுக்கு வேண்டாமா என்றேன். "பிள்ளையப் பாத்துட்டுப் பெறவு குடுங்க. பைய போங்க" என்றார்.

பைய போனேன். கல்லிடைக்குறிச்சியில் ஒரு மஞ்சள் போர்டைப் பார்த்ததும் நிறுத்தினேன். நீ இருந்தபோது ஒன்றிரண்டுதான் இருந்தது, இப்போது தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் போய் மலர் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. ஒன்று. இரண்டு. அப்புறம் ஒன்றுமே இல்லை, செத்த சத்தம். மறுபடியும் போட்டேன். மறுபடியும் இரண்டோடு நின்றது.

பூத்துக்காரர் வெளியே இருந்தே சொன்னார்: "விக்கிரமசிங்கபுரம் லைனா? காலையில இருந்தே அப்படித்தான் கெடக்கு. மழை பெஞ்சா ரெண்டு மணி அடிக்கும், பெறவு அத்துரும்."

"அங்க இருந்து இங்க அடிச்சாலுமா அண்ணாச்சி?"

"அங்கன இருந்து அடிச்சாலும் அப்படித்தான்."

அக்கா, அந்தக் கூண்டுக்குள்தான் எனக்கு விளங்கியது. காலையிலிருந்து மலர் மூன்று தடவையும் விடாமல்தான் அடித்திருக்கிறாள். சித்தி எடு, சித்தி எடு என்று அடித்திருக்கிறாள். எனக்கு வந்து சேர்ந்தது இரண்டு மணி. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று. நான் இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே. ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது தாமிரபரணி கலங்கலாக, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. பாலத்துக்கு அடியில் அது போடுகிற சத்தம் காருக்குள் கேட்டது. பாலம் உடைந்துவிடும் என்று நிச்சயமாக நம்பினேன். நம்பிக்கொண்டே அதன் மேல் ஓட்டினேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு தடவை நிறுத்திக் கேன் தண்ணீரை ஊற்றினேன். இந்தத் தடவை ஆறும்வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு ஓட்டுவதைவிடப் பயங்கரமாக இருந்தது.

மலர் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கவில்லை. மலர் போன் ஸ்டூலுக்குக் கீழே தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். பாவாடை நனைந்து தரையெல்லாம் ஈரம். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் நம்பவில்லை. கையை நீட்டி என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"பனிக்குடம் ஒடஞ்சிட்டு சித்தி. விடாம அடிச்சேன். ஏன் எடுக்கல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "பெறவு இங்க மணி அடிச்சுது. எந்திரிச்சு எடுத்துரலாம்னு பாத்தேன். ரெண்டோட நின்னுட்டு. சரி, சித்தி வீட்ல நல்லா இருக்காக, வர மாட்டாகன்னு நெனச்சேன். அப்பமே எனக்கு நம்பிக்க போயிட்டு."

அவளை எப்படித் தூக்கினேன், பின் சீட்டில் எப்படிப் படுக்க வைத்தேன், எனக்குத் தெரியாது. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிவரை அவள் கத்த, நான் கத்த, வண்டியும் ஆவி விட்டுக் கத்தியது. வாசலில் போய் நின்றதுதான், அதற்குப் பிறகு அது கிளம்பவே இல்லை. அதற்கு மேல் எனக்கும் தேவைப்படவில்லை. இருட்டுவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. பெண். மலரும் நன்றாக இருக்கிறாள். இதை நான் முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், நீ அங்கே தவித்துப் போயிருப்பாய். பால்காரருக்குக் கேனைக் கொடுக்க மாப்பிள்ளை வீரவநல்லூரில் விசாரித்துப் போனார். பிள்ளை என்ன என்று கேட்டாராம். அந்த வீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்றும் கேட்டாராம்.

இப்போது தாயும் பிள்ளையும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் இதை எழுதும்போது பிள்ளை உள்ளே அழுகிறாள், உன்னைப் போலவே ஊருக்குக் கேட்கிற குரல். எல்லோரும் என் தைரியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் பயம் இறங்கவே இல்லை. ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நீ மதுரைக்கு ஆபரேஷனுக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? யாரும் வர வேண்டாம், சின்ன விஷயம் என்று பையைத் தூக்கிக்கொண்டு தனியாகத்தான் பஸ் ஏறினாய். அன்றைக்குச் சாயங்காலமும் மழை. நம் வீட்டில் போன் இரண்டு முறை அடித்து நின்றது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எடுக்கவில்லை. "பெரியம்மா போய்ச் சேர்ந்துட்டா" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன் விடாமல் அடித்தது.

ஒரு வருஷமாக எனக்கு இருந்த ஒரே ஆறுதல், நீ கடைசியாக என்னிடம் சொன்னது நல்லா இருக்கேன் என்பதுதான். இப்போது அதுவும் எனக்குப் போய்விட்டது. அன்றைக்கு இரண்டு மணியோடு வைத்தது நீதானா, அக்கா? இல்லை, மழையா? முன்பின் தெரியாத ஊரின் ஆஸ்பத்திரி வராண்டாவில், பயந்துபோய், எடுடி எடுடி என்று நீ நின்றுகொண்டிருந்தாயா? நீயும் பயப்படுவாய் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லையே.

இதற்கு நீ பதில் சொல்லப் போவதில்லை. நான் சொல்கிறேன். உன் ஏற்பாட்டை நேற்றோடு நிறுத்திவிட்டேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள். மலரிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லியாயிற்று: இனி இந்த வீட்டில் மணி அடித்தால் அடுப்பில் எது கருகினாலும் எடுப்பேன். ராங் நம்பராக இருந்தாலும், நல்லா இருக்கியளா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.

அன்றைக்கு எடுக்காத,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கை,
செண்பகம்