மாஜோங் மேசைக்கு நாலாவது ஆள்

அன்பு மகள் சியூமானுக்கு அப்பா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மழைக்கு முன்னால் முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகும், மற்றபடி வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறேன். கிளாஸ்கோ குளிரில் நீயும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் ஊதுவத்தி ஏற்றும்போது உன் அம்மாவிடம் நான் கேட்டுக்கொள்வது.

போன தடவை போனில் நீ அழாத குறையாக, இப்படிச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீங்கப்பா, கீழே முதியோர் மன்றத்தில் நாலு நாலு பேராய் உட்கார்ந்து மாஜோங் காய் ஆடுகிறார்களே அதிலாவது சேருங்கள் என்றாய் அல்லவா, சேர்ந்துவிட்டேன். ஒன்பதாம் மாடி குவோக் அக்காளும் தங்கையும், சந்தையில் மீன்கடை வைத்திருந்த ஃபாங் அம்மாளும் நாலாவது ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஆடிவந்த பெண்மணி கனடாவுக்கு மகனிடம் போய்விட்டாளாம். அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். ஃபாங் அம்மாளின் வாய்தான் உனக்குத் தெரியுமே, சந்தையின் அந்தக் கோடிவரை கேட்கும். நான் யோசித்து ஒரு காயைப் போடுவதற்குள், "என்ன யிப் அண்ணே, டிராமையும் இப்படித்தான் ஓட்டினீங்களா? ஜனங்க இறங்கி நடந்தே போயிருப்பாங்களே" என்பாள். குவோக் சகோதரிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சிரித்துவைப்பேன். ஒருநாள் கைதவறி மூங்கில் படம் போட்ட காய் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கப் போனேன், அவள் என் கையிலேயே ஒரு தட்டுத் தட்டி, "போட்டது போட்டதுதான், வெட்டின மீனை உயிரோட திருப்பிக் குடுன்னா எப்படிக் குடுப்பேன்?" என்று கத்தினாள். மன்றமே திரும்பிப் பார்த்தது. உன் அம்மாவாக இருந்தால் பேசாமல் எடுத்துக்கொள்ள விட்டிருப்பாள். குடையை எடுத்துக்கொண்டு மேலே வந்தவன்தான், அப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு புயல் வந்தது. எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றியதும் பஸ், படகு எல்லாம் நின்று, கடைகளும் மன்றமும் பூட்டியாகிவிட்டது. நாற்காலி மேல் ஏறி ஜன்னல் கண்ணாடியில் நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன், எப்போதும் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொள்பவள் நீதானே, அதை நினைத்துக்கொண்டே ஒட்டினேன். அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் மூன்று பேரும் நிற்கிறார்கள், ஃபாங் அம்மாள் கையில் ஒரு பானைக் கஞ்சி. "மன்றம் பூட்டிக்கிடக்கு. மூணு பேர் எங்க போய் ஆடறது? காயை எடுங்கண்ணே, கோவத்தை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டாள். நேராக உன் அம்மா படத்துக்கு முன்னால் போய் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டு, "அக்கா, உங்க வீட்டுல கொஞ்சம் சத்தம் போடப்போறோம், கோவிச்சுக்காதீங்க" என்றாள். அம்மா போனதிலிருந்து திறக்காத நம் மாஜோங் பெட்டியை எடுத்துத் துடைத்துவைத்தேன்.

நீ உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் யாரையும் கேட்காமல் ஃபாங் அம்மாள் உட்கார்ந்துகொண்டாள். அங்கே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் காய்களை மேசையில் கொட்டிவிட்டாள். வெளியே காற்று பேயாய் ஊளையிடுகிறது, உள்ளே காய்களைக் கலக்கும் சத்தம், எத்தனையோ காலத்துக்குப் பிறகு நம் வீட்டில் அந்தச் சத்தம். கையிலிருந்த காய்களை அடுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "சியூமான், டீ ஊத்தும்மா" என்று சொல்லிவிட்டேன் கண்ணே. மேசையில் எல்லோர் கையும் நின்றுபோயிற்று. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணே என்று கூப்பிட்டாலும் வயதில் என்னைவிட மூத்தவள் ஃபாங் அம்மாள், அவள் எழுந்து, "இதோ ஊத்தறேம்ப்பா" என்று சொல்லி முதலில் எனக்கும் பிறகு மற்றவர்களுக்கும் ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கேலி இல்லை. அடுத்த ஆட்டத்தில்தான், "சீக்கிரம் போடுங்கண்ணே, புயலே கரையைக் கடந்துடும் போலிருக்கு" என்றாள்.

உன் பெயரை வீட்டுக்குள் வாய்விட்டுக் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அன்றுதான் உறைத்தது. போனில் கூப்பிடுவது வேறு, பக்கத்து நாற்காலியில் நீ இருப்பதாய் நினைத்துக் கூப்பிடுவது வேறு. அவர்கள் போன பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். உன்னை வருத்தப்படுத்த இதை எழுதவில்லை. நான் மறுபடியும் மன்றத்துக்குப் போகிறேன், திட்டும் வாங்குகிறேன், உனக்கு அது போதும்தானே.

குவோக் தங்கையின் மருமகன் லண்டன் போகிறான், நிலாத் திருவிழாவுக்குச் செய்யும் தாமரை விதை நிலாப்பணியாரத்தை அங்கிருந்து உனக்குத் தபாலில் சேர்க்கச் சொல்லி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், உன் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்பவர்களுக்கே எல்லாவற்றையும் பங்கு போட்டுவிடாமல் நீயும் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. வேலை முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே.

புத்தாண்டுக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்றாய், தெரியும், நான் வற்புறுத்தவில்லை. ஆனால் நீ வந்தால் ஐந்து பேர் ஆகிவிடுவோமே, யார் எழுந்து இடம் கொடுப்பது என்று குவோக் தங்கை கேட்டாள். ஃபாங் அம்மாள் சத்தியமாக எழுந்திருக்க மாட்டாளாம். நான் எழுந்துகொள்கிறேன். என் இடத்தில் உட்கார்ந்து நீ ஆடு, உன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்குப் போதும்.

நீ போகும் வழியெல்லாம் நல்லதே உன்னைச் சூழ்ந்திருக்கட்டும், அம்மாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

உன் அப்பா
யிப் வாய்கெயுங்